முகமூடியும் காயமும்: இணையவழிப் பாத்திர விளையாட்டுகளின் ஈர்ப்பு குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

1. ஒரு தாயின் முறையீடு

"இரவெல்லாம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எழுந்திருப்பதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஐயா" என்று அடையாற்றில் ஒரு தாய் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் வந்து முறையிட்டார். மகனுக்கு அப்பொழுது பதினேழு வயது. என்னிடமே திடப்படுத்தல் வகுப்பில் பயின்றவன். நான் அவனை அழைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோம்பலைக் கண்டிக்கும் நீதிமொழிகள் சிலவற்றை எடுத்துக்காட்டி, வீட்டின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடும்படி ஆலோசனை கூறினேன். அவ்வாறே செய்யப்பட்டது. பையன் ஆராதனைக்கு வரத் தொடங்கினான். தாயும் நன்றி கூறினார். என் ஆயர் பணி நிறைவேறியதாக நானும் எண்ணிக்கொண்டேன்.

மூன்று மாதங்களுக்குப் பின்னர் ஆலய முற்றத்தில் அவனே என்னிடம் வந்து கூறியது இது: "ஐயா, அங்கே இருபது முப்பது பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். காயம் ஆற்றுகிற வேலை என்னுடையது. நான் போகாவிட்டால் அவர்கள் தோற்றுப்போவார்கள். இங்கே நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது."

அக்கூற்றுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அவன் கூறியது இணையவழிப் பெருந்திரள் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி மட்டுமன்று, நமது சபைகளைப் பற்றியதுமாகும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அண்மையில், 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த "இபெலின்" என்னும் நார்வே நாட்டு ஆவணப் படத்தைக் கண்டபோது அப்பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. இவ்விளையாட்டுகளின் ஈர்ப்பு எத்தகையது, அதில் நற்செய்தியோடு உறவுடையது எது, முரண்படுவது எது என்பதை அப்படத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பொருள் வரையறை

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நம் மேடைகளில் "ஆன்லைன் விளையாட்டு" என்னும் ஒரே பெயரால் பல வேறு பொருள்கள் கண்டிக்கப்படுகின்றன. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலியவை ஒருவகை. இவற்றால் விளைந்த கடன்களையும் தற்கொலைகளையும் கண்டே, நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அது சூதாட்டம் பற்றிய வழக்கு. திருச்சபையின் நிலை அதில் ஐயத்திற்கு இடமற்றது. மற்றொரு வகை, பப்ஜி போன்று அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் போர் விளையாட்டு.

நாம் இங்கு ஆராய்வது மூன்றாம் வகை. இதில் ஓர் உலகமே படைக்கப்பட்டிருக்கிறது. ஆடுபவர் ஒரு பெயரையும் உடலையும் தொழிலையும் தெரிந்துகொண்டு அவ்வுலகில் குடியேறுகிறார். அவர் உறங்கும்போதும் அவ்வுலகம் நடந்துகொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் அதில் நடமாடுகின்றனர். இதன் வித்து, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் இரு மாணவர் எழுதிய "மட்" என்னும் நிரலாகும். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 1997-இல் "அல்டிமா ஆன்லைன்", 1998-இல் கொரியாவில் "லினியேஜ்", 1999-இல் "எவர்குவெஸ்ட்" எனப் படங்களோடு கூடிய உலகங்கள் தோன்றின. 2004 நவம்பரில் வெளிவந்த "வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்" 2010-இல் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட சந்தாதாரரைக் கொண்டிருந்தது. சென்னையில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளின் பிரௌசிங் சென்டர்களில் தொடங்கிய இணையப் பழக்கம், பின்னர் வீட்டுக் கணினிக்கும், இன்று கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துள்ளது.

3. ஈர்ப்பின் வேர்கள்

இவ்விளையாட்டுகள் இளைஞரை ஈர்ப்பது ஏன்? "மாயை, மயக்கம்" என்று கூறுவது விடையாகாது. மயங்குபவன் எதைக் கண்டு மயங்குகிறான் என்பதைக் கூறுவதே திறனாய்வு. நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, அழைப்பு. இவ்வுலகில் அடியெடுத்து வைத்தவுடன் ஒருவர் எதிர்ப்பட்டு, "இதைச் செய்துதர உன்னால் கூடுமா?" என்று வேண்டுகிறார். பணி சிறிதே, ஆயினும் தெளிவானது. தன்னிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைத்திராத ஓர் இளைஞனுக்கு இது புது அனுபவம்.

இரண்டாவது, உழைப்புக்கேற்ற பயன். இங்கு முயன்றவன் உயர்வான் என்பது விதி. ஒன்பதாம் வகுப்பு முதலே நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பப்படும் நம் தென்சென்னைப் பிள்ளைகள் அறிந்த உலகமோ வேறு. அங்கே இலட்சம் பேர் உழைப்பர். சில ஆயிரவர்க்கே இடமுண்டு. உழைப்புக்கும் பயனுக்கும் இடையே அறுந்துபோன தொடர்பை விளையாட்டு மீண்டும் முடிந்துகாட்டுகிறது.

மூன்றாவது, புதிய பெயர். இங்கு ஒருவனுடைய சாதியையோ, தந்தையின் உத்தியோகத்தையோ, மதிப்பெண்ணையோ, தோலின் நிறத்தையோ எவரும் கேட்பதில்லை. இது தற்செயலாக அமைந்ததன்று. பிறப்பால் ஒருவனை அளக்கும் ஆங்கிலச் சமுதாயத்தின்மீது தாங்கள் கொண்ட வெறுப்பே, முயற்சியால் எவரும் உயரக்கூடிய ஓர் உலகைக் கட்டத் தங்களைத் தூண்டியது எனப் பார்ட்டில் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அப்படியானால் இவ்விளையாட்டின் பிறப்பிலேயே ஒரு சமூக எதிர்ப்புக் குரல் உண்டு. சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டங்களைக்கூடப் பிரித்து வைத்த திருச்சபை வரலாற்றையுடைய நாம், அக்குரலை எளிதில் இகழ்ந்துவிட முடியாது.

நான்காவதும் தலையாயதும் தோழமை. தொடக்க காலத்து வார்கிராஃப்டில் பெரிய எதிரிகளை வீழ்த்த நாற்பது பேர் ஒன்றுகூட வேண்டியிருந்தது. அடியைத் தான் தாங்கிக்கொள்பவர், பிறர் காயத்தை ஆற்றுபவர், எதிரியைத் தாக்குபவர் என அவர்களுக்குள் பணிப் பகுப்பு உண்டு. தாங்குபவரின்றி ஆற்றுபவர் இல்லை. ஆற்றுபவரின்றித் தாக்குபவர் இல்லை. கண் கையை நோக்கி நீ எனக்கு வேண்டாமென்று கூறலாகாது எனப் பவுல் கொரிந்தியருக்குக் கற்பித்த பாடம் இங்கே விளையாட்டின் விதியாகவே அமைந்துவிடுகிறது (1 கொரி. 12). கில்டு எனப்படும் குழாங்கள் இவ்வாறு உருவாகின்றன.

இத்தோழமை வெறும் போலி என்போர் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப்பார்க்க வேண்டும். 2005 செப்டம்பரில் வார்கிராஃப்ட் உலகில், ஒரு நிலவறையில் மட்டும் இருக்கவேண்டிய தொற்றுநோய் ஒன்று நிரலின் பிழையால் நகரங்களுக்குப் பரவியது. சிலர் ஓடி ஒளிந்தனர். சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினர். காயம் ஆற்றும் பாத்திரங்களை ஏற்றிருந்த சிலரோ, தாங்கள் வீழ்வோம் என அறிந்தும், நோயுற்றோரிடம் சென்றனர். கொள்ளைநோய் ஆய்வாளர்கள் இதனை மருத்துவ ஏடுகளில் எழுதி ஆராய்ந்தனர். வேடம் புனைந்த இடத்திலும் மனிதன் தன் உள்ளத்தையே வெளிப்படுத்துகிறான். ஆகவே அவ்விடம் அறநெறிக்குப் புறம்பான இடமன்று.

4. இபெலின்

இனிப் படத்திற்கு வருவோம். மாட்ஸ் ஸ்டீன் என்னும் நார்வே இளைஞர் 1989-இல் பிறந்தவர். டுஷேன் தசைச் சிதைவு என்னும் பிறவி நோயால் அவருடைய உடல் சிறிது சிறிதாக இயக்கத்தை இழந்தது. சக்கர நாற்காலியும், இறுதியில் மூச்சுக் கருவியும் தேவைப்பட்டன. விரல்களில் எஞ்சியிருந்த சிறிதளவு அசைவைக்கொண்டு அவர் வார்கிராஃப்ட் ஆடினார். வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகளில் பதினையாயிரம் முதல் இருபதாயிரம் மணி நேரம் அவர் அவ்வுலகில் செலவிட்டார் எனக் கணக்கிட்டுள்ளனர். 2014 நவம்பரில், இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். நட்பையும் காதலையும் அறியாமலே தம் மகன் மறைந்தான் எனப் பெற்றோர் வருந்தினர். மகன் எழுதிவந்த வலைப்பதிவில் தந்தை அவருடைய மறைவை அறிவித்தபோது, ஐரோப்பாவின் பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. இபெலின் என்னும் பெயரில் அவர் ஸ்டார்லைட் என்ற குழாத்தில் வாழ்ந்ததும், பலருடைய துயரங்களில் துணைநின்றதும் அப்பொழுதுதான் வெளிப்பட்டது. குழாத்தினர் சிலர் பிற நாடுகளிலிருந்து பயணம் செய்து ஆஸ்லோவில் நடந்த அடக்க ஆராதனைக்கு வந்தனர்.

இயக்குநர் பெஞ்சமின் ரே இக்கதையை அமைத்த முறை போற்றத்தக்கது. முதற்பகுதியில் பெற்றோர் கண்ட மாட்ஸைக் காட்டுகிறார்: குடும்ப ஒளிப்பதிவுகள், தளரும் உடல், பூட்டிய அறை. பின்னர் படம் திரும்பித் தொடக்கத்திற்கே சென்று, அதே ஆண்டுகளை இபெலின் வாழ்ந்த விதத்தில் மீண்டும் சொல்கிறது. குழாத்தினர் சேமித்து வைத்திருந்த ஏறத்தாழ 42,000 பக்க உரையாடல்களை ஆதாரமாகக்கொண்டு அவ்வுலகக் காட்சிகள் வரையப்பட்டுள்ளன. ஒரே வாழ்வுக்கு இரு சாட்சியங்கள், இரண்டும் மெய். நற்செய்திகள் நான்காக அமைந்ததன் பொருளை மாணவருக்கு விளக்க முயலும் ஆசிரியர் எவரும் இவ்வமைப்பைக் கண்டு மகிழ்வர்.

ஆயினும் இரு குறைகளைச் சுட்டவேண்டும். முதலாவது, படம் விளையாட்டின் சலிப்பை மறைத்துவிடுகிறது. இருபதாயிரம் மணி நேரத்தில் பெரும்பகுதி, ஒரே செயலை நூறு முறை திரும்பச் செய்வதாகவே இருந்திருக்கும். படத்திலோ ஒவ்வொரு கணமும் பொருள் நிறைந்ததாக ஒளிர்கிறது. இரண்டாவது குறை இதனினும் பெரிது. பார்ப்போர் இவ்விளையாட்டை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், ஆடியவர் சாகும் தறுவாயிலிருந்த நோயாளி என்பதே. நடக்கவியலாதவர் கனவில் ஓடினால் நம் மனம் இளகுகிறது. நன்றாக நடக்கக்கூடிய அடையாற்றுப் பையன் ஓடினால் அதே மனம் கடிந்துகொள்கிறது. உடலில் ஊனமில்லாதவனுக்கும் தனிமை உண்டு என்பதைப் படம் சொல்லாமலே விட்டுவிட்டது.

5. அவதாரம் என்னும் சொல்

இவ்விளையாட்டுகளில் ஒருவர் ஏற்கும் உருவத்திற்கு உலகெங்கும் வழங்கும் பெயர் "அவதார்" என்பது. 1980-களின் நடுவில் அமெரிக்க விளையாட்டு ஆசிரியர்கள் நம் நாட்டுச் சொல்லை எடுத்து இப்பொருளில் வழங்கத் தொடங்கினர். இச்சொல்லோடு சென்னைத் திருச்சபைக்குத் தனிப்பட்ட உறவு உண்டு. வழக்கறிஞரும், 1941-இல் இம்மாநகரின் மேயராகத் தெரிந்துகொள்ளப்பட்டவருமான வெங்கல் சக்கரை (1880-1958), 1920-களில் இயேசுவை அவதாரம் என்று விளக்கி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பிற அவதாரங்கள் தோன்றி, செயல் முடித்து மறைவன. கிறிஸ்துவின் அவதாரமோ நிலையானது, ஏற்ற மனிதத் தன்மையை அவர் மீண்டும் களைந்துவிடவில்லை, தூய ஆவியால் அது இன்றும் தொடர்கிறது என்பது அவருடைய கருத்தின் சாரம்.

இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டால் விளையாட்டின் அவதாரத்தைச் சீர்தூக்கலாம். அவதாரம் என்னும் சொல்லுக்குக் கீழிறங்குதல் என்பது பொருள். விளையாட்டிலோ ஒருவர் மேலேறுகிறார். மெலிந்தவன் வலிய உருவை ஏற்கிறான்; அஞ்சுபவன் வீரனாகிறான். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் வரைந்துகாட்டும் பாதை இதற்கு நேர் எதிரானது. அங்கே வல்லவர் அடிமையின் உருவை ஏற்கிறார், சாவுமட்டும் தாழ்கிறார். மேலும், விளையாட்டின் அவதாரம் வேண்டாதபோது களையப்படும். ஒருவரே பத்து உருவங்களையும் வைத்திருக்கலாம். அதன் சாவும் சாவன்று. வார்கிராஃப்டில் வீழ்ந்தவன் ஆவியுருவில் இடுகாட்டிலிருந்து ஓடிச்சென்று தன் உடலை அடைந்து மீண்டும் எழுகிறான். இழப்பு சில நிமிடங்களே. சிலுவை இல்லாத உயிர்த்தெழுதல் இது.

எனினும் இவ்வொப்பீட்டை இத்தோடு நிறுத்தினால் நேர்மையாகாது. மாட்ஸ் ஏறியது எதற்காக? பிறரை அடக்கி ஆளுவதற்கன்று. ஓடவும், ஒருவரைத் தழுவிக்கொள்ளவும், ஒருவருக்கு உதவியாயிருக்கவும். அழிவுள்ளதாய் விதைக்கப்பட்ட உடல் அழியாமையில் எழும் என்று கொரிந்தியருக்குப் போதிக்கும் நாம், நோயுற்ற உடலில் எழும் அவ்வேட்கையைத் தப்பியோடுதல் என்று பழிப்பதெங்ஙனம்? ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939-இல் நிகழ்த்திய ஓர் உரையில், சிறைப்பட்டவன் வெளியேறுவதையும் படைவீரன் களத்தைக் கைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதலாகாது என வேறுபடுத்தினார். நம் இளைஞன் இவ்விருவரில் எவன் என்பதைக் கேட்டறியாமல் தீர்ப்புக் கூறுவது ஆயர் பணி ஆகாது.

6. திருமறையும் விளையாட்டும்

விளையாட்டையே ஐயுறும் மனப்பான்மை நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. திருமறையின் சாட்சியமோ வேறு. நீதிமொழிகள் 8:30-31-இல் ஞானம் படைப்பின் வேளையில் கடவுளின் திருமுன் களிகூர்ந்திருந்தது. சகரியா 8:5-இல் மீட்கப்பட்ட எருசலேமின் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்திருக்கின்றனர். சங்கீதம் 104:26-இல் லெவியாதான் கடலில் திளைக்கிறது. இம்மூன்றிடத்தும் எபிரேய மூலத்தில் வரும் வினையடி ஒன்றே. நகைத்தல், விளையாடுதல் என்று பொருள்படுவது. நமது வழக்கிலுள்ள மொழிபெயர்ப்பு சிறுவருக்கும் லெவியாதானுக்கும் "விளையாடுதல்" என்னும் சொல்லை வழங்கிவிட்டு, ஞானத்திற்கு மட்டும் "களிகூர்தல்" என்றது. இறைவனின் செயலைத் திருவிளையாடல் என்றே போற்றும் சமயச் சூழலில், சொல்லைத் தெரிந்தெடுப்பதில் மொழிபெயர்ப்பாளர் தயங்கியிருத்தல் கூடும். யூர்கன் மோல்ட்மன் 1971-இல் எழுதிய சிறுநூலில், பயன் கருதாத படைப்பின் மகிழ்ச்சியை விளையாட்டாகவே விளக்கி, உழைப்பே மனிதனை மனிதனாக்குகிறது என்னும் கொள்கையை எதிர்த்தார்.

ஆனால் இதே சாட்சியமே இன்றைய விளையாட்டுத் தொழிலுக்கு எதிரான கூர்மையான தீர்ப்பாகவும் நிற்கிறது. திருமறையின் விளையாட்டு ஓய்வுநாளோடு உறவுடையது, முடிவுடையது, விற்கப்படாதது. வார்கிராஃப்டிலோ 2004-இல் அறுபதாம் படி உச்சமாயிருந்தது. அறுபதை அடைந்தோர்க்கு 2007-இல் எழுபது காட்டப்பட்டது, 2008-இல் எண்பது. நாள்தோறும் செய்யவேண்டிய பணிகள் புகுத்தப்பட்டன. ஒரு நாள் வராதவன் பின்தங்கிவிடுவான். விளையாட்டு இங்கே வேலையாக மாறுகிறது. அவ்வேலைக்கு ஆடுபவனே மாதந்தோறும் பணம் செலுத்துகிறான். இலவசம் எனப்படும் விளையாட்டுகள் உடைகளையும், உள்ளே இருப்பது இன்னதென அறியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளையும் விற்கின்றன. அவற்றுள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் முடிவுசெய்தது. நான் முன்னர்க் கூறிய நான்கு ஈர்ப்புகளும் உண்மையானவை. அவ்வுண்மையான பசியை அறிந்து, அதை ஒருபோதும் முற்றிலும் ஆற்றாமல் வைத்திருப்பதில் ஆதாயம் காண்பதே இத்தொழிலின் தீங்கு.

பிறப்பை ஒழித்ததாகக் கூறும் அவ்வுலகம் அதை முற்றிலும் ஒழிக்கவுமில்லை. வார்கிராஃப்டில் ஒவ்வொருவரும் ஓர் இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இனங்கள் இரு பகைக்கூட்டங்களாகப் பகுக்கப்பட்டன. ஒரு கூட்டத்தார் பேசுவது மற்றவருக்கு விளங்காதபடி நிரல் எழுதப்பட்டது. சாதிப் பெயரைத் துறந்து உள்ளே சென்றவனுக்கு வேறோர் இனப்பகை ஆயத்தமாயிருந்தது. அவன் வெளியே வரும்போது பழைய தெரு அவ்வாறே இருக்கிறது. மறைத்த பெயர் மாறிய பெயராகாது.

இதனோடு மருத்துவர் கூறுவதையும் மறுத்தல் கூடாது. விளையாட்டுக் கோளாறு என்பதை உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 2019-இல் ஏற்றது. 2022 முதல் அது நடைமுறையிலுள்ளது. அங்கும் அளவுகோல் மணிக்கணக்கு அன்று. கட்டுப்பாட்டை இழத்தல், பிற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கேடு கண்டும் விடாமை ஆகியவை பொதுவாக ஓராண்டளவு நீடித்து, வாழ்வைக் குலைத்தால்தான் அது நோய். அந்நிலையில் உள்ளவனை மருத்துவரிடம் அனுப்புவதே அன்பு. ஏனையோரிடம் நாம் செய்ய வேண்டியது வேறு.

7. தோமாவின் ஊரில்

மயிலாப்பூர் தோமாவின் நினைவைத் தாங்கிய ஊர். மரபின்படி அப்போஸ்தலர் இங்கு அடக்கம் பண்ணப்பட்டார். சின்னமலையும் பரங்கிமலையும் அவர் பெயரோடு இணைந்தவை. ஏனைய சீடர் கண்டதைக் கேட்டு நிறைவடையாமல், காயத்தைத் தொடவேண்டும் என்று நின்றவர் அவர் (யோவான் 20:24-29). அவரை ஐயப்பேர்வழி என்று பழிக்கிறோம். ஆயினும் உடலின்றி, வடுவின்றி வரும் கிறிஸ்து எனக்கு வேண்டாம் என்பதே அவருடைய வற்புறுத்தல் எனலாம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை, காயங்களைக் காட்டினார்.

இவ்வொளியில் இபெலின் கதையின் திருப்பத்தைக் காணவேண்டும். மாட்ஸ் பல ஆண்டுகள் தம் நோயைக் குழாத்தினரிடமிருந்து மறைத்தார். முகமூடி அவருக்கு விடுதலையளித்தது. அதே முகமூடி அவரைத் தனிமையிலும் வைத்தது. பிறர் தம் துயரங்களை அவரிடம் கூறினர்; அவருடைய துயரம் பேசப்படாமலே கிடந்தது. வாழ்நாளின் இறுதி ஆண்டுகளிலேயே அவர் தம் நிலையை எழுதி வெளிப்படுத்தினார். ஆடுவோர் கூட்டத்தை நண்பர் கூட்டமாக நிறைவாக்கியது அவருடைய வீரமன்று, வெளிப்பட்ட காயமே. அதன் பின்னர் அந்நட்பு திரையோடு நிற்கவில்லை. உடல்களாகப் பயணம் செய்து சவப்பெட்டியின் அருகில் வந்து நின்றது. ஆகவே நம் கேள்வி திரையா நேரிலா என்பதன்று. காயத்தைக் காட்டக்கூடிய தோழமையா, காட்டக்கூடாத தோழமையா என்பதே கேள்வி.

இதே கேள்வியை நமது சபைகள்மீதும் வைத்துப்பார்ப்போம். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் நாமும் திரையிலேயே ஆராதித்தோம். திரைவழித் திருவிருந்து செல்லுமா என்று வழக்காடினோம். செப்டம்பர் 1 முதல் வழிபாட்டிடங்களைத் திறக்கத் தமிழ்நாடு அரசு அனுமதித்தது; மறுநாளே நடுவண் அரசு பப்ஜியைத் தடைசெய்தது. நாம் நம் கூடுகையைத் திரும்பப் பெற்ற அதே வேளையில் இளைஞர் பலர் தம் கூடுகையை இழந்தனர். அதைப் பற்றி அவர்களிடம் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? சலவை மடிப்புக் குலையாத உடையில் ஞாயிறுதோறும் வந்து அமர்ந்து, வீட்டின் கடனையும் மகனின் தோல்வியையும் மகளின் கண்ணீரையும் மறைத்துக்கொண்டு திரும்பிச் செல்லும் சபையும் ஒருவகையில் வேடம் புனைந்த கூட்டமன்றோ?

8. முடிவுரை

ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் மூன்று கருத்துகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, தடுப்பதற்கு முன் கேட்போம். "எவ்வளவு நேரம் ஆடுகிறாய்?" என்பது காவலரின் கேள்வி. "அங்கே உன் பெயர் என்ன? உன் வேலை என்ன? உன்னோடு இருப்பவர் யார்?" என்பன மேய்ப்பரின் கேள்விகள். மாட்ஸின் பெற்றோர் அன்பில்லாதவரல்லர். எனினும் அவர்கள் விடையை அறிந்தது மகனின் சாவுக்குப் பின்னரே.

இரண்டாவது, இளைஞருக்கு மெய்யான பணி வேண்டும். விழாவன்று நாற்காலி போடுவதும் ஒலிபெருக்கி பார்ப்பதும் மட்டும் பணியாகா. ஒருவன் வராவிட்டால் வேறொருவர் வருந்தும் இடம் சபையில் இருக்கவேண்டும். முதியோர் தனித்து வாழும் வீடுகள் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் எத்தனையோ உள்ளன. காயம் ஆற்றுவோர் அங்கே தேவை.

மூன்றாவது, நம் இறையியற் கல்லூரிகளில் இவ்விளையாட்டுகளும் இக்கால மக்கள் கலையாகக் கருதிப் பயிலப்படவேண்டும். குறவஞ்சி என்னும் நாட்டிய வடிவத்தை எடுத்து, ஏறத்தாழ 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). மக்கள் விரும்பிய வடிவின் சுவையையும் குறையையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். அறியாதவனின் கண்டனம் எவரையும் திருத்துவதில்லை.

அந்தப் பையன் இப்பொழுது பெங்களூரில் பணியாற்றுகிறான். இப்படத்தைக் கண்ட பின்னர் அவனோடு தொலைபேசியில் பேசினேன். அன்று கேட்காமல் தீர்ப்பளித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் அமைதியாயிருந்தான். பின்னர், "இணைப்பு போன அன்று அவர்களிடம் சொல்லிவிட்டு வரக்கூட முடியவில்லை, ஐயா, நான் செத்துப்போய்விட்டேன் என்றே நினைத்திருப்பார்கள்" என்றான். நான் துண்டித்தது ஒரு கம்பியை மட்டுமே என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.